தலைக்கு மேலே 15 நிமிடம்: வானிலைத் துணைக்கோள் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் புகைமூட்டம் பற்றி எழுதியபோது, ‘துருவத் துணைக்கோள் எடுத்த படம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தோம். வட, தென் துருவங்களை ஒட்டிப் பறந்து பூமியைச் சுற்றுவதுதான் துருவத் துணைக்கோள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதிவிட்டார்கள். அவற்றில் சில இங்கே.

கைப்பேசியில் பார்க்கும் மேகப்படம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அப்படியிருக்க, ஒரு நாளைக்கு இரண்டே தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் துருவத் துணைக்கோள் எதற்கு?
வாசகி, ஈசூன்

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஜப்பானின் ஹிமாவாரி-9 எடுத்த படமாக இருக்கும். கிழக்குத் தீர்க்கரேகை 140.7 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிமீ உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், அது நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் நமக்குத் தெரிகிறது. மேகம் எங்கே திரண்டது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல கண் கிடையாது. ஆனால் அது பார்ப்பது மேகத்தின் மேல்முகத்தைத்தான். மேகத்துக்கு உள்ளேயும் அடியிலும் வெப்பநிலை என்ன, ஈரம் எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது நுண்ணலை. காற்றில் உள்ள ஆக்சிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தானாகவே மிக மெல்லிய கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. நீராவி 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அதையே செய்கிறது. ஆக்சிஜன் பகுதியின் நடுவில் அளந்தால் மிக உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலை கிடைக்கும். ஓரத்துக்கு நகர நகரத் தரையை நெருங்கிய காற்றின் வெப்பநிலை கிடைக்கும். அமெரிக்காவின் துருவ வானிலைத் துணைக்கோள்களான நோவா-20, நோவா-21 இரண்டிலும் இருக்கும் ஏடிஎம்எஸ் என்ற நுண்ணலைக் கருவி இப்படி 22 அலைவரிசைகளில் அளக்கிறது. கூடவே கிரிஸ் என்ற அகச்சிவப்புக் கருவி 2,211 அலைவரிசைகளில் அளந்து, மேகமற்ற இடங்களில் இன்னும் நுணுக்கமான விவரம் தருகிறது. சாதாரண மேகத்தை நுண்ணலை ஊடுருவிவிடும். கனமழை கொட்டும் மேகம் குறுக்கே வந்தால் அதுவும் தடுமாறும்.

‘அந்தக் கருவியை ஹிமாவாரியிலேயே வைத்துவிடலாமே’ என்று தோன்றும். இடிப்பது தூரம்தான். நுண்ணலையின் அலைநீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால், படம் தெளிவாக வர ஆன்டெனா பெரிதாக இருக்கவேண்டும். நோவா-20 பறப்பது 824 கிமீ உயரத்தில். ஹிமாவாரியின் உயரம் அதைப்போல் 43 மடங்கு. அங்கிருந்து அதே தெளிவு வேண்டுமென்றால் 43 மடங்கு அகலமான ஆன்டெனா தேவைப்படும். ஆகவே கீழே பறந்தே ஆகவேண்டும். கீழே பறக்கிற எதுவும் ஒரே இடத்துக்கு மேல் நிற்க முடியாது.

இன்று சாயங்காலம் குடை தேவையா என்று பார்க்க ரேடார் படமும் ஹிமாவாரியும் போதும். நாளை மறுநாளின் கணிப்பு வேறு கதை. அதைக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு, உலகம் முழுவதும் காற்று இந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லியாகவேண்டும். பெருங்கடல்களுக்கு மேலே பலூன் விட ஆள் கிடையாது. அங்கே இந்தத் துணைக்கோள்களின் அளவீடு இல்லாவிட்டால், கணினி தொடக்கத்திலேயே தப்பான இடத்தில் கால்வைக்கும். துருவத் துணைக்கோளின் முதல் வேலை இதுதான். அழகான படம் எடுப்பது இரண்டாவது வேலை.

சிங்கப்பூருக்கு மேல் எத்தனை மணிக்கு வரும்? இணையத்தில் ‘பிற்பகல் 1.30’ என்று போட்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு வருவதே இல்லை.
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

இந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்கத் தவறுகிறார்கள். அந்த 1.30 கடிகார நேரமல்ல, சூரிய நேரம்.

பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் புடைத்திருக்கிறது: நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிமீ, துருவத்தில் 6,357 கிமீ. அந்தப் புடைப்பின் ஈர்ப்பு துணைக்கோளின் பாதையை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். உயரம் 824 கிமீ, நிலநடுக்கோட்டோடு பாதையின் சாய்வு 98.7 பாகை என்று வைத்தால், பாதை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 0.986 பாகை கிழக்கே திரும்பும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதேதான். ஆகவே ஆண்டு முழுவதும் துணைக்கோள் நிலநடுக்கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள இடத்தில் சூரியன் அதே நிலையில் இருக்கும். நோவா-20, நோவா-21 இரண்டுக்கும் அது பிற்பகல் 1.30-ம் பின்னிரவு 1.30-ம்.

நம் ஊர் இருப்பது கிழக்கு 103.8 பாகையில். சூரியக் கணக்குப்படி நம் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னால் இருக்கவேண்டும். நாம் வைத்திருப்பதோ 8 மணி. கடிகாரம் 1 மணி 5 நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைக் கூட்டினால் பிற்பகல் 2.35, பின்னிரவு 2.35. காலை 9.30 பாதைக்கென வடிவமைக்கப்பட்ட ஐரோப்பாவின் மெட்டாப் துணைக்கோள்களுக்கு இதே கணக்கைப் போட்டால் காலை 10.35, இரவு 10.35 என்று வரும்.

அப்போதும் நிமிடம் தவறாமல் வராது. ஒரு சுற்றுக்கு 101 நிமிடம். அதற்குள் பூமி 25 பாகைக்குச் சற்று மேல் திரும்பிவிடும். நிலநடுக்கோட்டில் அது ஏறக்குறைய 2,800 கிமீ. பாதை சில நாள் நம் தலைக்கு நேர் மேலே போகும், சில நாள் கிழக்கே போர்னியோவுக்கு மேலே, சில நாள் சுமத்ராவைத் தாண்டி மேற்கே. அதனால் பிற்பகல் 1.45 முதல் 3.25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரண்டு நோவாவும் ஒரே பாதையில் அரைச் சுற்று இடைவெளியில் பறப்பதால், ஒன்று போன 50 நிமிடத்தில் அடுத்தது வரும்.

துருவத்தில் இருப்பவர்களுக்கு ஒரே துணைக்கோள் நாளுக்கு 14 முறை கிடைக்கிறது. நமக்குக் கிடைப்பது குறைந்தபட்சம். நோவாவின் வியர்ஸ் என்ற படக்கருவி 3,060 கிமீ அகலம் பார்ப்பதால் நிலநடுக்கோட்டில் இடைவெளி விழாமல் தப்பிக்கிறோம். நாசாவின் பழைய டெர்ரா, அக்குவா துணைக்கோள்களின் மோடிஸ் கருவி பார்த்தது 2,330 கிமீ மட்டுமே. அந்தப் படங்களில் நம் வட்டாரத்தில் மட்டும் கறுப்பு நாமம் போட்டதுபோல் வெற்றுப் பட்டைகள் இருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையில் திரண்டு காலையில் நம்மை அடித்துவிட்டுப் போகும் சுமத்ராப் புயல்காற்று, பல நாள்களில் பின்னிரவு 2.35-க்கும் காலை 10.35-க்கும் நடுவே பிறந்து முடிந்துவிடும். துருவத் துணைக்கோள் படத்தில் அது இல்லையே என்று தேடாதீர்கள். அதற்கு ஹிமாவாரியும் ரேடாரும்தான்.

புகைமூட்டக் காலத்தில் ‘சுமத்ராவில் வெப்பப்புள்ளிகள் குறைவு’ என்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் நெடி தாங்கவில்லை. துணைக்கோள் தப்பாகச் சொல்கிறதா?
வாசகி, உட்லண்ட்ஸ்

துணைக்கோள் தான் பார்த்ததைச் சரியாகவே சொல்கிறது. பார்க்காததை அந்த எண்ணிக்கை சொல்லாது.

சாதாரணத் தரையின் வெப்பக்கதிர் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கும். 530 செல்சியஸில் எரியும் தீயின் உச்சம் 3.6 மைக்ரோமீட்டர். ஆகவே 4 மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் பார்த்தால், ஒரு படப்புள்ளியின் மிகச் சிறிய மூலையில் தீ இருந்தாலும் அந்தப் புள்ளி முழுதும் பளிச்சிடும். அதைத்தான் வெப்பப்புள்ளி என்கிறார்கள். வியர்ஸின் கூர்மையான அலைவரிசைகளில் ஒரு புள்ளி நேர் கீழே 375 மீட்டர். படத்தின் ஓரத்தில் 800 மீட்டர் அளவுக்கு விரிந்துவிடும். ஓரத்தில் விழும் நாளில் சிறிய தீக்கள் தப்பும், பக்கத்துப் பக்கத்துத் தீக்கள் ஒன்றாகச் சேரும். வெப்பப்புள்ளி எண்ணிக்கையைத் தீ எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

எண்ணிக்கை குறைய மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது மேகம்: அகச்சிவப்பு மேகத்தை ஊடுருவாது. அடர்ந்த புகையும் ஓரளவு மறைக்கும். இரண்டாவது நேரம்: துணைக்கோள் போனபிறகு மாலை 5 மணிக்கு மூட்டிய தீ பின்னிரவு வரை கணக்கில் வராது. மூன்றாவதுதான் நம் வட்டாரத்தின் தனிப்பட்ட தொல்லை, கரிச்சேற்று நிலம். அங்கே தீ மண்ணுக்கு அடியில் கொழுந்தில்லாமல் வாரக்கணக்கில் கனலும். மேலே வெப்பம் குறைவு, புகையோ ஏராளம். ஒரு வெப்பப்புள்ளிகூடக் காட்டாத நிலம் பக்கத்து ஊர்களையே மூச்சுத்திணற வைக்க முடியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பகலில் சூடேறிய தகரக்கூரையும், தண்ணீரில் சூரியன் பட்டுத் தெறிக்கும் ஒளியும் தீபோல் தோன்றலாம். இரவுப் படத்தில் இந்தக் குழப்பம் குறைவு. எண்ணெய்க் கிணறுகளின் எரிவாயுச் சுடர் மட்டும் இரவிலும் ஒரே இடத்தில் மாறாமல் எரியும்.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் படிக்காதீர்கள். 1993 முதல் சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் வெளியிடும் வரைபடத்தில் மேகம் எங்கே மூடியிருக்கிறது, புகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேகம் மூடிய சுமத்ராவில் ‘5 புள்ளிகள்’ என்றால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை. ஜன்னலைச் சாத்துவதா என்பதை முடிவு செய்ய, தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் பிஎம்2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) அளவைப் பாருங்கள்.

கட்டும்போதே ஒரு வானிலைத் துணைக்கோள் கீழே விழுந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?
வாசகர், அங் மோ கியோ

உண்மை. நோவா-19தான் அது. 2003 செப்டம்பர் 6 அன்று, கலிபோர்னியாவின் சன்னிவேலில் உள்ள தயாரிப்புக்கூடத்தில், நிமிர்ந்து நின்ற துணைக்கோளைப் படுக்கைவாக்கில் சாய்த்தார்கள். அதைத் தாங்கும் வண்டியில் இணைப்புத்தட்டைப் பிடித்திருக்கவேண்டிய 24 மரையாணிகள் இல்லை. வேறொரு குழு அவற்றைக் கழற்றி எடுத்திருந்தது, பதிவேட்டில் எழுதவில்லை. சாய்க்க வந்தவர்கள் ஆணி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமலேயே, சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். துணைக்கோள் சரிந்து தரையில் விழுந்தது. செப்பனிட 135 மில்லியன் அமெரிக்க டாலர் ஆனது. 2009 பிப்ரவரி 6 அன்று விண்ணுக்குப் போய், 2025 ஆகஸ்ட் வரை 16 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. பட்டறையில் வேலை செய்யும் எவருக்கும் இந்த விசாரணை அறிக்கை பாடமாக வைக்கத் தகுந்தது.

துணைக்கோள் படத்தை நானே நேரடியாகப் பிடிக்கலாம் என்று, கணினியில் செருகும் யுஎஸ்பி ரேடியோக் குச்சி வாங்கி, வழிகாட்டியில் உள்ளபடி 137.62, 137.9125, 137.1 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். இரைச்சல் மட்டுமே வருகிறது. குச்சி கெட்டதா?
பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

குச்சி நன்றாகத்தான் இருக்கும். வழிகாட்டிதான் பழையது. அந்த மூன்றும் நோவா-15, 18, 19 ஆகியவற்றின் அலைவரிசைகள். நோவா-18 2025 ஜூனிலும், மற்ற இரண்டும் 2025 ஆகஸ்டிலும் ஓய்வு பெற்றன. அவற்றோடு, ‘டிக்-டாக்’ என்று காதால் கேட்கக்கூடிய ஏபிடி என்ற பழைய முறைப் பட ஒலிபரப்பும் முடிந்தது.

இப்போது அதே குச்சியில் கிடைப்பது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் 2-3, 2-4 துணைக்கோள்கள். 2-3 ஏவப்பட்டது 2023 ஜூனில், 2-4 ஏவப்பட்டது 2024 பிப்ரவரியில். 137.9 மெகாஹெர்ட்ஸில் எல்ஆர்பிடி என்ற இலக்கமுறைப் பட ஒலிபரப்பு செய்கின்றன. சில சமயம் 137.1-க்கு மாற்றுவார்கள். பழைய நோவா படத்தில் ஒரு புள்ளி 4 கிமீ. இதில் 1 கிமீ. முதலில் 2-4-ஐப் பிடியுங்கள். 2-3-இன் ஆன்டெனா விண்வெளியில் முழுமையாக விரியாததால் அதன் சமிக்ஞை மெலிவு.

ஆன்டெனா: 3 அல்லது 4 மிமீ தடிமனுள்ள அலுமினியக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 53.4 செமீ. இரண்டையும் 120 பாகைக் கோணத்தில் ‘வி’ வடிவமாக வையுங்கள். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒரு அலுமினியக் கம்பியிலும் வலைக்கம்பியை மற்ற அலுமினியக் கம்பியிலும் சேருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளில் கேபிளும் இணைப்பிகளும் கிடைக்கும். கம்பியைத் தரைக்கு இணையாக, அரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில், ‘வி’யின் வாய் வடக்கு அல்லது தெற்குப் பார்க்கப் படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வேலைக்காகாது. துணைக்கோள் வடக்கு-தெற்காகப் போகிறது, அதன் சமிக்ஞையோ வலப்பக்கமாகச் சுழன்று வருகிறது. படுக்கைவாக்கு ஆன்டெனா தரையை ஒட்டி வரும் நிமிர்ந்த சமிக்ஞைகளைக் குறைத்து, மேலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும். கேபிளைச் சிக்கனமாக வெட்டுங்கள்: ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 டெசிபல் போய்விடும்.

அடுத்தது வடிகட்டி. சிங்கப்பூரில் இதை விட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். சிறிய ஊரில் பண்பலை வானொலி நிலையங்கள் எல்லாம் பலமாக ஒலிக்கின்றன, ஒலி 96.8-ம் அவற்றில் ஒன்று. அந்த வீச்சு குச்சியின் முன்வாசலை அடைத்துவிட்டால் துணைக்கோளின் மெல்லிய சமிக்ஞை உள்ளே நுழையாது. சோதிக்க எளிய வழி இருக்கிறது: மென்பொருளில் குச்சியின் சமிக்ஞைப் பெருக்க அளவை (கெயின்) படிப்படியாகக் கூட்டுங்கள். 137-க்குப் பக்கத்தில் பண்பலையின் அகன்ற கூம்புகள் திடீரென்று முளைத்தால் குச்சி திணறுகிறது என்று பொருள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் வடிகட்டியை ஆன்டெனாவுக்கும் குச்சிக்கும் நடுவே போடுங்கள். அதற்குப் பிறகும் சமிக்ஞை போதாவிட்டால் மட்டும் 137-க்கென்றே செய்த பெருக்கியைச் சேருங்கள். வடிகட்டி இல்லாமல் பெருக்கி போட்டால் பண்பலையும் சேர்ந்தே பெருகும்.

சமிக்ஞையைப் படமாக்கும் மென்பொருள் சாட்டம்ப், இலவசம். சுற்றுப்பாதைத் தரவை வாரம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள். துணைக்கோள் கடக்கும்போது தொடுவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் உயரும் வேளையாகத் தேர்ந்தெடுத்து, 2 நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை மொத்தமே 15 நிமிடம்தான். மீட்டியோர் எம்2-எக்ஸ் எல்ஆர்பிடி 72கே என்ற தேர்வை வையுங்கள். 80கே வைத்தால் எவ்வளவு பலமான சமிக்ஞையும் படமாகாது. டாப்ளர் விளைவால் அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும். மென்பொருளே அதைப் பின்தொடரும், நீங்கள் கைவைக்க வேண்டாம்.

சமிக்ஞை வந்துவிட்டதா என்று திரையில் தெரியும். முதலில் புள்ளிகள் ஒரே புகையாக வட்டமிடும். துணைக்கோள் 15, 20 பாகை உயர்ந்ததும் அந்தப் புகை நான்கு மூலைகளில் நான்கு கொத்தாகப் பிரியும். கீழே இரண்டு பெட்டிகளும் பச்சையானால் படம் வரிவரியாக இறங்கத் தொடங்கும். துணைக்கோள் நன்றாக உயர்ந்தும் பெட்டி பச்சையாகவில்லை என்றால், 72கே தேர்வு தவறியிருக்கலாம். படத்தில் கறுப்புக் கோடுகள் விட்டுவிட்டு விழுந்தால் அந்த நொடிகளில் கட்டடமோ உங்கள் உடம்போ மறைத்திருக்கும். மடிக்கணினியின் மின்னூட்டியையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். மலிவான மின்னூட்டி 137-இல் நிறையவே இரையும்.

வீவக வீடு, 9-ஆம் மாடி, ஜன்னல் கிழக்குப் பார்த்தது. வீட்டிலிருந்தே பிடிக்கலாமா?
வாசகர், செங்காங்

கிழக்கே போகும் கடப்புகள் மட்டும் கிடைக்கும். தலைக்கு மேலே வந்ததும் மேல்மாடிகளின் கான்கிரீட் மறைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கம்பி நீட்டுவதோ, தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் ஆன்டெனாவை நிறுத்துவதோ கூடவே கூடாது. விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும். ஆன்டெனாவை மடித்து எடுத்துக்கொண்டு திறந்த திடலுக்குப் போங்கள். மரீனா அணைக்கட்டின் புல்மாடியில் வானம் நான்கு பக்கமும் திறந்திருக்கும். இடி முழங்கத் தொடங்கினால் கடப்பு பாதியில் இருந்தாலும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

சிங்கப்பூருக்குச் சொந்தமாக இப்படி ஒரு துணைக்கோள் இருக்கிறதா?
வாசகி, பொங்கோல்

துருவ வானிலைத் துணைக்கோள் இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-சாட் 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போனது. அது நிலப்படம் எடுத்தது. அதன்பிறகு பாதையையே மாற்றிக்கொண்டார்கள். 2015 டிசம்பர் 16-இல் போன டெலியோஸ்-1-இன் சாய்வு 15 பாகை. 2023 ஜூலை 30-இல் போன டிஎஸ்-சாரின் சாய்வு 5 பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால், நாளுக்கு இரண்டு முறை என்பதற்குப் பதில் 100 நிமிடத்துக்கு ஒருமுறை நம் வட்டாரத்துக்கு வந்துவிடும்.

டெலியோஸோடு சேர்ந்து போன வெலாக்ஸ்-சிஐ வானிலைக்கு நெருங்கிய உறவு. ஜிபிஎஸ் துணைக்கோள்களின் சமிக்ஞை, தொடுவானத்தை ஒட்டிக் காற்றுமண்டலத்தைத் துளைத்து வரும்போது எவ்வளவு வளைகிறது என்று அளந்து, அதிலிருந்து வெப்பமும் ஈரமும் கணக்கிடுவதற்காக நன்யாங் பல்கலைக்கழகம் செய்தது. உலகின் வானிலை நிலையங்கள் துணைக்கோள் தரவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால், நோவாவும் மெட்டாப்பும் அளந்தது நமக்கும் வந்து சேர்கிறது.